செங்கண்மாரி: பித்தக்குழாயில் கல் இருக்க விற்றமின் ஈ உதவுமா?

சுன்னாகத்து மகள்:
அம்மாவுக்கு 63 வயது. பித்தப்பையிலிருந்து நழுவிய கல் பொதுப் பித்தக்குழாயில் சிக்கியிருப்பதாக ஸ்கேனில் தெரிந்தது. கண் மஞ்சள். சிறுநீர் கடும் தேயிலைச் சாயம்போல, மலம் வெளிறிய களிமண்போல. இரவெல்லாம் உள்ளங்காலில் சொறிவு. நித்திரையில்லாமல் தும்புக் கால்மிதியில் காலைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். வைத்தியர் ஈ.ஆர்.சி.பி. (வாய்வழியே குழாய் விட்டுப் பித்தக்குழாயில் செய்யும் சிகிச்சை) செய்து கல்லை எடுக்கவேண்டும் என்கிறார். அம்மாவுக்குப் பயம். ஈரலில் ஒட்சியேற்ற அழுத்தம் (தாக்கும் ஒட்சிசன் மூலக்கூறுகள் பெருகிக் கலங்களைப் பழுதாக்குவது) கூடியிருக்கும் என்று கனடாவிலிருந்து சித்தி விற்றமின் ஈ குளிசைகள் அனுப்பியிருக்கிறார். பக்கத்து வீட்டு ஆச்சி கீழ்க்காய்நெல்லி அரைத்துத் தருகிறார். இவற்றோடு இரண்டு மாதம் பார்க்கலாமா?

ஓய்வுபெற்ற தாதி, கொக்குவில்:
வேண்டாம் தங்கச்சி. சித்தி சொன்ன அழுத்தம் உண்மை, மருந்துதான் பிழை. பித்த உப்புகள் சவர்க்காரம்போலக் கொழுப்பை உடைப்பவை. குடலுக்குப் போனால் நன்மை. வழி அடைபட்டு ஈரலிலேயே தேங்கினால், கலங்களின் மென்சவ்வையே அரிக்கும். கலங்களுக்குச் சக்தி தரும் இழைமணிகள் பழுதாகி, தாக்கும் தன்மையுள்ள ஒட்சிசன் மூலக்கூறுகளைக் கக்கும். அவற்றை அடக்க ஈரல் சேர்த்துவைத்த குளுட்டாதயோன் என்ற காப்புப்பொருள் கரைந்துகொண்டே போகும். கல் அங்கேயே இருக்கும்வரை இது ஓயாது.

விற்றமின் ஈ கொழுப்பில் கரைவது. அதைக் குடல் உறிஞ்சவே பித்தம் வேண்டும். அம்மாவின் மலம் வெளிறியிருப்பது பித்தம் குடலுக்கு வரவில்லை என்பதற்கு அடையாளம். விழுங்கும் குளிசையில் பெரும்பகுதி வீணாகத்தான் போகும். ஆச்சியின் அன்பை மதிக்கிறேன். ஆனால் இலைச்சாறு குழாயில் இறுகிய கல்லைத் தள்ளாது.

வடமராட்சியான்:
நான் பயத்தில் மூன்று கிழமை கடத்தினேன். ஒரு நள்ளிரவு பல் கிட்டும் நடுக்கத்தோடு காய்ச்சல் ஏறியது. பித்தக்குழாயில் கிருமி பரவிவிட்டது. இரத்தத்தில் கலந்திருந்தால் உயிரே போயிருக்கும் என்றார்கள். சிகிச்சையோ நித்திரை ஊசியோடு முடிந்துவிட்டது. வாய்வழியே குழாய் விட்டு, முன்சிறுகுடலில் பித்தக்குழாய் திறக்கும் வாசலைச் சிறிது வெட்டிக் கல்லை இழுத்தெடுத்தார்கள். வயிற்றில் ஒரு தையல்கூட இல்லை. மூன்றாம் நாள் சொறிவு குறைந்து நன்றாக நித்திரை கொண்டேன்.

சுன்னாகத்து மகள்:
அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். தையல் இல்லை என்றதும் இன்னொருமுறை வாசிக்கச் சொன்னார். இன்னொன்று: செவ்வாயன்று இரத்தம் எடுத்த இடம் இன்னும் நாவற்பழ நிறத்தில் கன்றியிருக்கிறது. இதற்கும் தொடர்புண்டா?

ஓய்வுபெற்ற தாதி, கொக்குவில்:
இருக்கலாம். விற்றமின் கே-யும் பித்தம் இல்லாமல் உடலில் சேராது. அது குறைந்தால் இரத்தம் உறையத் தாமதமாகும். வாசலை வெட்டமுன் இதைச் சரிசெய்யவேண்டும், பெரும்பாலும் விற்றமின் கே ஊசி போதும். நாளைக் காலையே கிளினிக்கில் அந்தக் கையைக் காட்டி, உறைதல் சோதனை செய்தார்களா என்று கேளுங்கள். அஸ்பிரின் போன்ற குளிசை எடுப்பவரென்றால் அதையும் சொல்லுங்கள். இன்றிரவு நடுக்கமோ காய்ச்சலோ வந்தால் விடியும்வரை காத்திராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.