மறு: "ஆர்வக் குழு" வேண்டாம், "சாரார்நலக் குழு" எப்படி?

வணக்கம். "ஸ்பெஷல் இன்ட்ரஸ்ட் குரூப்" என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இந்த இழையில் தமிழ்ச் சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். அதில் ஐயா எழுதியது:

> "ஸ்பெஷல் இன்ட்ரஸ்ட் குரூப்" என்பதற்குச் "சிறப்பு ஆர்வக் குழு" என்றே போட்டுவிடலாமே.

ஐயா, இதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆர்வக் குழு என்றால் பறவை பார்ப்பவர்களும் பழைய நாணயம் சேர்ப்பவர்களும்தான் நினைவுக்கு வருவார்கள். அரசின் முடிவால் பிழைப்போ லாபமோ அடிபடும் ஒரு கூட்டம் ஒன்றுசேர்ந்து கோட்டை வரை போவதை அந்தச் சொல் காட்டவே காட்டாது.

"அழுத்தக் குழு" புழக்கத்தில் உள்ள நல்ல சொல்தான். ஆனால் அது குழு என்ன செய்கிறது என்பதைத்தான் சொல்கிறது, யாருக்காக என்பதைச் சொல்வதில்லை. இதே இழையில் இன்னோர் அம்மையார் முன்வைத்த "தன்னலக் குழு"வோ விசாரணைக்கு முன்பே தீர்ப்பு எழுதிவிடுகிறது.

எங்கள் பாலாற்றுப் பக்கத்தையே பாருங்கள். தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீரை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28இல் தீர்ப்பு வந்தது. ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ சாகுபடிக்கு ஆகாமல் போய்விட்டது என்ற மதிப்பீடு அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. தோல் தொழில் அந்நியச் செலாவணியும் வேலையும் தருகிறது என்பதையும் அதே தீர்ப்பு ஒப்புக்கொள்கிறது. ஆக, இரண்டு பக்கமும் நலன் உண்டு. நம் சொல் இரண்டு பக்கத்துக்கும் பொருந்த வேண்டும்.

அதற்காக இருவரும் சம பலம் என்று ஆகிவிடாது. அமெரிக்கப் பொருளாதார அறிஞர் மான்சர் ஆல்சன் 1965இலேயே இதை விளக்கினார்: பெரிய ஆதாயம் உள்ள சிலர் சுலபமாக ஒன்றுசேர்வார்கள், நஷ்டம் பலருக்குப் பரவிக் கிடந்தால் அவர்களைத் திரட்டுவது கடினம். முதலாளிகள் சிலர் ஓர் அறையில் உட்கார்ந்து சந்தா போட்டு வக்கீல் வைத்துவிடலாம். கிணறு கெட்ட விவசாயி, உப்புக் கரிக்கும் தண்ணீரை பாட்டிலில் பிடித்துக்கொண்டு, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு வரிசையில் நிற்க ஒரு நாள் வேலையை விட வேண்டும். இந்த ஏற்றத்தாழ்வைப் பற்றித்தான் நாம் பேச வேண்டும். அதைப் பேச, யாரையும் முன்கூட்டியே திட்டாத ஒரு சொல் வேண்டும்.

"ஒரு சாரார்" என்று தினமும் எழுதுகிறோம், பேசுகிறோம். பொதுநலத்துக்கும் தன்னலத்துக்கும் நடுவில் இருப்பது சாரார்நலம். அதற்காக இயங்குவது சாரார்நலக் குழு. குடியாத்தத்தில் பீடி சுற்றும் பெண்களின் சங்கமும் பீடி முதலாளிகளின் சங்கமும் வரி என்றால் ஒரே பக்கம் நிற்கலாம், கூலி என்றால் எதிரெதிரே நிற்கும். இரண்டுமே சாரார்நலக் குழுக்கள் என்று தயங்காமல் சொல்லலாம். "பிரிவுநலக் குழு"வையும் யோசித்தேன், ஆனால் அதைக் கேட்டால் அரசு அலுவலகப் பிரிவு போலத் தொனிக்கிறது.

வாக்கியத்தில் வைத்துப் பார்ப்போம்: "கட்சிகளுக்குப் பணம் தரும் சாரார்நலக் குழுக்கள் எவை என்று வாக்காளருக்குத் தெரிய வேண்டும்." யார் தந்தது என்று வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை தர வழிசெய்த தேர்தல் பத்திரத் திட்டத்தை 2024 பிப்ரவரி 15இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபோது வாக்காளரின் அறியும் உரிமையைத்தான் முன்னிறுத்தியது. அது பற்றிய கட்டுரைகளில் இந்தச் சொல் உறுத்தாமல் உட்காரும் என்றே நினைக்கிறேன்.

"லாபி"யை, அதாவது அரசின் முடிவைத் தம் பக்கம் திருப்ப ஆட்சியாளர்களிடம் ஆள் வைத்துப் பேசுவதை, இதோடு சேர்க்க வேண்டாம். அமெரிக்காவில் 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி அது பதிவு செய்துகொண்டு நடத்தும் தொழில், இங்கே அப்படிப் பதிவுச் சட்டமே கிடையாது. அதைத் தனி இழையில் பேசலாம். முதலில் இதற்கு உங்கள் ஆட்சேபங்களைச் சொல்லுங்கள்.