உண்டியல் சில்லறை: பி பிளாக் குழு

மாலா 2பி: பிள்ளையார் கோயில் உண்டியல் திறந்தாச்சு. ரெண்டு வாளி காயின். பணம் போடுற மெஷின்ல கொட்டிடலாமா?

கேஷியர் சார் (ஓய்வு): வேண்டாம்மா, அது நோட்டு மட்டும்தான் எடுக்கும். கவுன்ட்டர்லயே கோயில் கணக்குல கட்டுங்க.

மாலா 2பி: ஆயிரத்துக்கு மேல காயின் வாங்க மாட்டாங்களாமே?

கேஷியர் சார் (ஓய்வு): அது 2011 நாணயச் சட்டம். கடையில ஒரே தடவையில ஆயிரத்துக்கு மேல காயினா நீட்டினா கடைக்காரர் வேண்டாம்னு சொல்லலாம். டெபாசிட்டுக்கு ரிசர்வ் வங்கி வரம்பு எதுவும் வைக்கல.
முதல்ல சோப்புத் தண்ணில அலசி, துணில பரப்பிக் காய விடுங்க. குங்குமமும் எண்ணெயும் சேர்ந்தா ரெண்டு காயின் ஒண்ணா ஒட்டிக்கும், எண்ணிக்கை உதைக்கும். அப்புறம் வகை பிரிச்சு 100, 100ஆ பாலிதீன் கவர்ல போடுங்க, மேல தொகை எழுதுங்க.

அருண் 4பி: எதுக்கு எண்ணணும்? சமையல் தராசுல நிறுத்தா முடிஞ்சுது

கேஷியர் சார் (ஓய்வு): அங்கதான் மாட்டுவீங்க தம்பி. 2011 வரிசை, அதாவது அந்த வருஷம் வந்த டிசைன், ஒரு ரூபாய் 100 காயின் 379 கிராம். 2019 வரிசைன்னா 309தான். கலந்து நிறுத்தா கணக்கு போச்சு.
இன்னொண்ணு: கட்டைவிரல் போட்ட பழைய ஒரு ரூபாயும், ₹ குறி போட்ட 2011 ரெண்டு ரூபாயும் 25 மி.மீ., 4.85 கிராம். அச்சு அசலா ஒரே அளவு! தராசும் காட்டாது, விரலும் காட்டாது. கண்ணால பார்த்துத்தான் பிரிக்கணும்.

மாலா 2பி: 25 பைசா ஒரு கைப்பிடி இருக்கு சார், 50 பைசாவும்

கேஷியர் சார் (ஓய்வு): 25 பைசா 2011 ஜூன் 30ல இருந்தே செல்லாது, எடுத்து வெச்சிடுங்க. 50 பைசா செல்லும். பத்து ரூபாயில ₹ குறி இருந்தாலும் இல்லாட்டியும் நல்ல காசுதான்.
மாசம் பொறந்து முதல் வாரம் மட்டும் போகாதீங்க, பென்ஷன் கூட்டம்.

அருண் 4பி: வாங்க மாட்டேன்னு திருப்பி அனுப்பினா?

கேஷியர் சார் (ஓய்வு): மேனேஜர்கிட்ட எழுத்துல புகார் கொடுத்து, ஒப்புகை வாங்குங்க. 30 நாள்ல பதில் இல்லேன்னா ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர். பெரும்பாலும் எழுதறேன்னு பேப்பர் எடுத்தாலே வாங்கிடுவாங்க 😄

மளிகை அண்ணாச்சி: யக்கா, பேங்குக்கு ஏன் அலையுதிய? அஞ்சு ரூவா, ரெண்டு ரூவா எல்லாம் நான் எடுத்துக்கிடுதேன், உடனே நோட்டு. கமிஷன் வேண்டாம். அம்பது பைசா மட்டும் இங்க ஓடாது, அதை சார் சொன்ன மாதிரி பேங்க்ல போடுங்க.

மாலா 2பி: சரி அண்ணாச்சி, பிரிச்சதும் கூப்பிடறேன். அருண், சாயங்காலம் கீழ வாப்பா, கண்ணாடியும் எடுத்துட்டு வா.