மறு: மறு: கலங்கல் தண்ணீரில் படகு விளக்கு – ‘பேக்ஸ்கேட்டர்’ தமிழில் என்ன?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

பதில் போடத் தாமதமாகிவிட்டது. மூன்று நாளாக இங்கே மழை. கரண்டும் இல்லை, நெட்டும் இல்லை. ஆனால் இந்த இழைக்கு அந்த மழைதான் தேவைப்பட்டது. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

இப்போதுதான் உள்ளே வருபவர்களுக்கு: டெக்சாஸில் இருக்கும் நம் தேவகோட்டை நண்பர், அங்கே இரவில் படகு முனையில் நின்று, கயிறு கட்டிய அம்பால் மீன் எய்கிறவர்களின் விளக்குகளைப் பற்றித் தமிழில் எழுதி வருகிறார். சேற்றுத் தண்ணீரில் விளக்கைப் போட்டால் மீன் தெரிவதற்குப் பதில் வெளிச்சமே கண்ணுக்கு முன்னால் வெள்ளையாக நின்றுகொள்கிறது. அதற்குத்தான் சொல் கேட்டார். இதுவரை வந்தவை பின்சிதறல், மீளொளி, ஒளித்திரை.

> சிதறல் பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. பின்சிதறல் என்று போட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே? புதுச்சொல் எதற்கு?

ஐயா சொல்வதில் தப்பில்லை. தண்ணீரில் மிதக்கும் களிமண் துகளில் ஒளி பட்டு வந்த பக்கமே திரும்புகிறது. அந்த நிகழ்வுக்குப் பின்சிதறல் பொருத்தம்தான். ஆனால் படகில் நிற்பவர் கண்ணில் படுவது சிதறல் இல்லை, ஒரு மறைப்பு. காரணத்துக்கு ஒரு பெயர், கண்ணில் தெரிவதற்கு ஒரு பெயர் என்று இரண்டும் வேண்டும் என்பது என் கட்சி.

நேரிலேயே பார்த்துவிடலாம் என்று முந்தாநாள் ராத்திரி எங்கள் ஊருணிக்குப் போனேன். வரத்துக்கால் வழியாக மழைத்தண்ணீர் செம்மண்ணை அள்ளிக்கொண்டு வந்து, ஊருணி பால் தூக்கலாகப் போட்ட டீ மாதிரி கிடந்தது. தம்பி மகன் ஒரு 12 வோல்ட் பேட்டரியையும் 10 வாட் எல்.ஈ.டி. விளக்கு இரண்டையும் தூக்கி வந்தான். ஒன்று 6500 கெல்வின் வெள்ளை, இன்னொன்று 3000 கெல்வின் மஞ்சள் (கெல்வின் என்பது விளக்கின் நிறத்தைச் சொல்லும் எண்). படித்துறையில் நின்று வெள்ளை விளக்கை நெற்றிக்கு நேராகப் பிடித்தேன். தண்ணீருக்குள் ஒன்றுமே தெரியவில்லை. மார்கழி விடியலில் பனிக்குள் ஹெட்லைட்டைத் தூக்கிப் போட்ட கதைதான். அதே விளக்கைக் கையை நீட்டி, பக்கவாட்டில், தண்ணீரை ஒட்டிப் பிடித்ததும் முங்கிக் கிடந்த முதல் படி தெரிந்தது. மஞ்சள் விளக்கில் அந்தப் படியின் விளிம்பு இன்னும் கொஞ்சம் துலக்கம். இரண்டாம் படி எந்த விளக்குக்கும் பிடி கொடுக்கவில்லை.

விஷயம் இவ்வளவுதான். விளக்கும் கண்ணும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால், பார்வை போகிற வழி முழுக்க ஒளியும் கூடவே போகிறது. வழியில் உள்ள அத்தனை துகளும் அதைக் கண்ணுக்கே திருப்பி அனுப்புகின்றன. விளக்கைத் தள்ளி, தாழ்த்தி வைத்தால் பார்வையும் ஒளியும் மீன் கிட்டத்தான் சந்திக்கும். டெக்சாஸில் படகின் விளிம்பை ஒட்டித் தாழ்வாக விளக்குகளை வரிசை கட்டுவது இதனால்தான். நிறத்தின் பங்கு அதற்கு அடுத்தது. செம்மண்ணும் மக்கிய இலைச்சாறும் கலந்த தண்ணீர் நீல ஒளியைச் சீக்கிரம் விழுங்கிவிடும். வெள்ளை விளக்கின் நீலம் மீன்வரை போய்ச் சேராது, மேலடுக்கிலேயே சிதறிக் கண்ணை மட்டும் நிரப்பும். மஞ்சள் விளக்கில் நீலம் குறைவு என்பதால் அந்தத் தொல்லையும் குறைவு. தெளிந்த நீருக்கு வெள்ளை விளக்கே போதும்.

வெள்ளை விளக்கைப் பார்த்ததும் பையன் சொன்னது: “ஒரே மூட்டமா இருக்கு, பெரியப்பா.”

எனக்கு அங்கேயே சொல் கிடைத்துவிட்டது. பனிமூட்டம், புகைமூட்டம், மேகமூட்டம் வரிசையில் ஒளிமூட்டம். “ஒளிமூட்டம் அடிக்கிறது, விளக்கைத் தாழ்த்து” என்று சொல்லிப் பாருங்கள், வாயில் நிற்கிறது. ஒளித்திரை எனக்கு ஒட்டவில்லை. இன்று திரை என்றால் போன் திரை, சினிமாத் திரை. பழந்தமிழில் அலைக்கும் அதே பெயர். தண்ணீரைப் பற்றிப் பேசும் இடத்தில் அது வேறு வந்து குழப்பும். மீளொளி கண்ணாடியை நினைவுபடுத்துகிறது.

> ஒளி காட்டுவது, மூட்டம் மறைப்பது. முரணாக இல்லையா?

முரண்தான். வெளிச்சத்தைக் கூட்டக் கூட்ட மறைகிறது என்பதுதானே நண்பரின் புகாரே!

இன்னொன்றையும் பிரித்துவிடலாம். நீர்ப்பரப்பில் விளக்கு பட்டுப் பளீரென்று அடிப்பது வேறு. அது தண்ணீருக்குள் நடப்பதில்லை, தெளிந்த நீரிலும் வரும். நேர் கீழாக விழும் ஒளியில் சுமார் 2 விழுக்காடுதான் பரப்பில் பட்டுத் திரும்பும். சாய்வு மிகமிக அது ஏறிக்கொண்டே போகும். ஆகவே இதற்கு மருந்து விளக்கைக் கீழ்நோக்கிக் கவிழ்ப்பது. ஆங்கிலத்தில் பேசும்போது பலர் இரண்டையும் ‘கிளேர்’ என்று ஒரே பைக்குள் போட்டுவிடுகிறார்கள். நாமும் போட வேண்டாம். இதைக் கூசொளி என்று வைக்கலாம்.

படகு முனை விளக்குக்கு ‘அணிய விளக்கு’ என்று எழுதிய கடற்கரைத் தம்பிக்கு: அணியம் என்றால் படகின் முன்பகுதி. நல்ல சொல், படகோட்டிகளின் சொல். ஆனால் ‘அணிய விளக்கு’ என்று பார்த்ததும் நான் தலையில் மாட்டிக்கொள்ளும் விளக்கு என்றே நினைத்தேன்! ‘அணியத்து விளக்கு’ என்றால் அந்தச் சிக்கல் இல்லை.

கண்மாயின் கலுங்கோடு கலங்கல் குழம்பும் என்ற கவலையும் வேண்டாம். எங்கள் பக்கம் கலுங்கு என்றால் மிச்சத்தண்ணீர் வழியும் இடம், கலங்கல் என்றால் கலங்கிய தண்ணீர். யாருக்கும் இதுவரை குழம்பியதில்லை.

சோடியம் விளக்கைப் பற்றி ஒரு வரி போதும். ஒரு காலத்தில் நம் தெருக்களில் மஞ்சளாக எரிந்ததே, அதுதான். கலங்கலுக்கு நல்ல நிறம். ஆனால் படகில் ஜெனரேட்டர் வேண்டும், முழு வெளிச்சம் வரச் சில நிமிடம் பிடிக்கும், அணைந்தால் சூடு ஆறும்வரை திரும்ப எரியாது. எல்.ஈ.டி.க்கு பேட்டரி போதும். நண்பர் தன் கட்டுரையில் வாட்டைப் பார்த்து வாங்காதீர்கள், லூமனை (விளக்கு தரும் வெளிச்சத்தின் அளவை) பாருங்கள் என்று தடித்த எழுத்தில் போடட்டும்.

இதைப் படித்துவிட்டு இங்கே யாரும் வில்லோடு கிளம்பிவிட வேண்டாம். கண்மாய் மீன் குத்தகைக்காரருடையது. கடலிலும் எல்.ஈ.டி. போன்ற செயற்கை விளக்கு வைத்து மீன்பிடிக்க 2017 நவம்பரில் மத்திய அரசு தடை போட்டிருக்கிறது.

மிச்சம் இருப்பது ‘வார்ம் ஒயிட்’ என்ற விளக்கு நிறத்துக்குத் தமிழ்ப் பெயர். கெல்வின் எண் குறைந்தால் ‘வார்ம்’, கூடினால் ‘கூல்’ என்கிறார்கள். சூடான வெள்ளை என்று மொழிபெயர்த்தால் படிப்பவர் தலையைச் சொறிவார். காரைக்குடி கடையில் நான் கேட்டு வாங்கியது ‘குண்டு பல்பு கலர்’. அதைக் கலைச்சொல்லாக வைக்கத் தைரியம் வரவில்லை. ‘இளமஞ்சள் வெள்ளை’ எப்படி? ஆச்சி, நீங்கள் சொல்லுங்கள்.

அன்புடன்,
காரைக்குடிப் பக்கத்திலிருந்து