டிரிம்மர் கட்டர் மழுங்கிவிட்டதா? தோட்டா உறையின் வாயில் அலை வரிகளும் பிசிறும்

கேள்வி

வணக்கம். கையால் சுழற்றும் லேத் வகை டிரிம்மரில் (உறையின் வாயைச் சீவி நீளத்தைக் குறைக்கும் கருவி) .308 வின்செஸ்டர் துப்பாக்கித் தோட்டாவின் பித்தளை உறைகளை 50.93 மி.மீ. நீளத்துக்கு வெட்டி வருகிறேன். முன்பு வாய் விளிம்பு வழவழப்பாக வந்தது. இப்போது விளிம்பில் அலை அலையாக வரிகள் விழுகின்றன, வெளிப்பக்கம் தடித்த பிசிறு நிற்கிறது, ஒரே அமைப்பில் வெட்டிய உறைகளுக்கிடையே 0.1 மி.மீ. வரை நீளம் வேறுபடுகிறது. கட்டர் நான்கு பற்கள் கொண்ட ஹை ஸ்பீடு ஸ்டீல். இதை நானே சாணை பிடிக்கலாமா, புதிது வாங்குவதுதான் சரியா?

முதல் பதில்

நீங்கள் சொல்வதில் இரண்டு கோளாறுகள் கலந்திருக்கின்றன; இரண்டையும் கட்டரின் தலையில் சுமத்த வேண்டாம். நீள வேறுபாடு பெரும்பாலும் உறை உட்காரும் இடத்திலிருந்து வருவது. உறையின் அடியைப் பிடிக்கும் கோலட்டுக்குள் ஒரு சிறு பித்தளைச் சீவல் சிக்கியிருந்தாலும், உறையின் அடிவிளிம்பில் பிசிறு இருந்தாலும், ஒவ்வோர் உறையும் ஒவ்வொரு விதமாக உட்காரும். ஆகவே முதலில் கோலட்டைக் கழற்றித் துடையுங்கள். உறையின் கழுத்துக்குள் நுழைந்து அதை நடுவில் நிறுத்தும் தண்டான பைலட்டையும் பாருங்கள்: அதில் பித்தளை அப்பியிருந்தால் கழுத்துக்குள் இறுகும், தேய்ந்து தளர்ந்திருந்தால் உறை ஆடி அலை வரி விழும். உறையை அச்சில் அழுத்தி அளவு திருத்தும்போது பூசிய எண்ணெயைத் துடைக்காமல் வெட்டினால் சீவல்கள் பற்களின் இடையே ஒட்டிக்கொண்டு, கூரான கட்டரும் மழுங்கியதுபோல் நடந்துகொள்ளும்.

இவற்றுக்குப் பின் கூரைச் சோதியுங்கள். பல்லின் முனையை விளக்கின் கீழ் மெல்லத் திருப்பிப் பார்த்தால், மழுங்கிய விளிம்பு வெள்ளைக் கோடாக மின்னும்; கூரான விளிம்பில் ஒளி தங்காது.

இரண்டாவது பதில்

மேலே சொன்னதை அப்படியே ஏற்கிறேன். ஒன்று சேர்க்கிறேன்: பற்களின் முனைகளில் மார்க்கர் மையைப் பூசி ஓர் உறையை வெட்டிப் பாருங்கள். மை எந்தப் பல்லில் அழிகிறது என்பதே உங்கள் கேள்விக்குப் பாதி விடை. கட்டரைப் பின்னோக்கிச் சுழற்றும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். கூர் போவதற்கு அதைவிட விரைவான வழி இல்லை.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. கோலட்டைத் துடைத்ததும் நீளம் சீராகிவிட்டது. ஆனால் அலை வரி நிற்கவில்லை, நான்கு பற்களும் விளிம்பில் மின்னுகின்றன, மையோ ஒரே பல்லில்தான் அழிகிறது.

இரண்டாவது பதிலளித்தவர்

அந்த ஒரு பல் மற்றவற்றைவிடச் சற்று உயர்ந்து நின்று, ஒவ்வொரு சுற்றிலும் தனியாக மோதுகிறது. அலை வரிக்கு அதுவே காரணம். நுண்ணிய வைரக் கல்லால் பல்லின் முன்முகத்தை, அதாவது சீவல் வழிந்தோடும் தட்டையான பக்கத்தை மட்டும், கல்லை முழுமையாகப் படியவைத்துத் தீட்டுங்கள். முனையின் மேல்முகத்தை ஒருபோதும் தொடாதீர்கள். அங்கே கை வைத்தால் பற்களின் உயரமும் பின்சரிவும் (முனைக்குப் பின்னால் மேல்முகம் தாழ்ந்து செல்லும் சாய்வு) கெட்டு, கட்டர் வெட்டுவதற்குப் பதிலாக உரசத் தொடங்கும். முன்முகத்தைத் தீட்டும்போது பின்சரிவின் காரணமாக முனையும் மிக மெல்லத் தாழும் என்பதால், எல்லாப் பற்களையும் ஒரே எண்ணிக்கையில் இழுத்துத் தீட்டிவிட்டு, உயர்ந்த பல்லுக்கு மட்டும் சிறிது கூடுதலாகக் கொடுத்து, மீண்டும் மை பூசிப் பாருங்கள். முன்முகத்தின் கோணத்தை மேலும் கூர்மையாக்கும் ஆசையும் வேண்டாம். பித்தளையில் அத்தகைய பல் வெட்டாமல் கொக்கிபோல் குத்தி இழுக்கும். உயர வேறுபாடு கண்ணுக்கே தெரியுமானால் கைவேலை பயன்படாது. கட்டர் சாணை இயந்திரம் வைத்திருப்பவரிடம் கொடுங்கள், அல்லது மாற்றிவிடுங்கள்.

முதல் பதிலளித்தவர்

தீட்டிய பின் பழைய நிறுத்த அமைப்பை, அதாவது கட்டர் எவ்வளவு உள்ளே போய் நிற்க வேண்டும் என்று வைத்த அளவை, நம்ப வேண்டாம். முனை சற்றுத் தாழ்ந்திருக்கும், உறைகள் நீளமாகவே வெளிவரும். இந்த உறைக்கு உச்ச நீளம் 51.18 மி.மீ.; அதைத் தாண்டிய உறையின் வாய் துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறையின் முனையில் நெரிபட்டுக் குண்டை இறுகப் பிடித்துக்கொள்வதால் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறக்கூடும். எனவே காலிப்பரால் முதல் சில உறைகளை அளந்து நிறுத்தத்தைப் புதிதாக அமைத்துவிட்டு, அதன் பிறகே மற்றவற்றை வெட்டுங்கள்.