மறு: 'டார்ச் லைட்டர்' தமிழில்? – 'ஊதுசுடர்' சரிவருமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

சுடர் சீறிப் பாயும் 'டார்ச் லைட்டரை'த் தமிழில் எப்படிச் சொல்வது என்று போன வாரம் போட்ட ஒரு வரிக் கேள்விக்கு இவ்வளவு பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. இடையில் சேர்ந்தவர்களுக்காக: அமெரிக்காவில் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பும் பெற்றோருக்காக, பெட்டியில் எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்று ஒரே தாளில் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஊறுகாய், நெய், பவர் பேங்க் எல்லாம் தாண்டியாகிவிட்டது. லைட்டரில் வந்து நிற்கிறது.

நின்ற கதையையும் சொல்லிவிடுகிறேன். முதல் வரைவில் "டார்ச் லைட்டர் எந்தப் பெட்டியிலும் கூடாது" என்று எழுதிப் பெரியப்பாவிடம் கொடுத்தேன். ஊருக்குக் கிளம்பும் அன்று அவர் தன்னுடைய டார்ச் லைட்டை எடுத்து எங்கள் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். சம்பந்திக்குப் பரிசாக வாங்கிய, மூன்று சுடர் சீறும் லைட்டர் பெட்டிக்கு அடியில் பத்திரமாக இருந்தது. சோதனையில் அதை எடுத்துவிட்டார்கள். "நீதானேடா டார்ச் கூடாதுன்னு எழுதின?" என்று போனில் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. தமிழில் டார்ச் என்றால் பேட்டரி போட்ட கைவிளக்குதான். அதற்கும் இதற்கும் நடுவில் ஒரு 'டர்' மட்டுமே இருந்தால் எழுபது வயதுக் கண்ணுக்கு எப்படித் தெரியும்?

சொல்லுக்குப் போகுமுன் பொருளைப் பார்த்துவிடலாம். வந்த பதில்களில் பாதி வேறு பொருளுக்குப் பெயர் வைத்திருக்கின்றன.

பன்னாட்டு விமானப் போக்குவரத்தின் அபாயப் பொருள் விதிகள் பயணி ஒருவருக்கு ஒரு சிகரெட் லைட்டரை அனுமதிக்கின்றன. அதுவும் பெட்டியில் அல்ல, அவர் உடம்போடு. எரிபொருள் திரவமாக இருந்தால் பஞ்சில் ஊறியிருக்க வேண்டும், தளும்பக் கூடாது. ஜிப்போ என்ற எண்ணெய் லைட்டருக்குள் பஞ்சு அடைத்திருப்பது இங்கே கைகொடுக்கிறது. அடைத்த கேஸ் என்றாலும் சரி. ஆனால் அதே விதியில், 'நீலச்சுடர்' அல்லது 'சுருட்டு' லைட்டர் கூடவே கூடாது என்று இருக்கிறது. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் அதே பொருளை 'டார்ச்' என்கிறது. கடைக்காரர் 'ஜெட்' என்கிறார். ஆக, ஆங்கிலத்திலேயே அதற்கு நிலைத்த பெயர் கிடையாது. நாம் தவிப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அமெரிக்காவில் இந்தப் பிரிவினைக்கு ஒரு பின்கதை உண்டு. 2001 டிசம்பர் 22 அன்று பாரிஸிலிருந்து மயாமிக்குப் பறந்த விமானத்தில் ரிச்சர்ட் ரீட் என்பவன் தன் ஷூவில் இருந்த வெடிமருந்தைத் தீக்குச்சியால் பற்றவைக்கப் பார்த்தான். லைட்டர் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற பயத்தில் நாடாளுமன்றம் சட்டம் போட, 2005 ஏப்ரல் 14 முதல் எல்லா லைட்டர்களுக்கும் தடை வந்தது. ஒரு நாளைக்குச் சுமார் 22,000 லைட்டர்களைப் பிடுங்கிப் பிடுங்கி அலுத்துப்போய், 2007 ஆகஸ்ட் 4 அன்று சாதாரண லைட்டர்களுக்கான தடையை விலக்கிக்கொண்டார்கள். டார்ச் வகை மட்டும் உள்ளே வரவே இல்லை. அப்படியானால் சோதனை மேசையில் இரண்டையும் பிரிக்கிற கோடு எதுவோ, அதுதான் நம் சொல்லிலும் இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

இனி வந்த யோசனைகள்.

> சுருட்டு லைட்டர் என்றே வைக்கலாமே. சுருட்டு நம் சொல்தானே!

நம் சொல்தான், அக்கா. ஆங்கிலேயரே 'சுருட்டு' என்பதை வாங்கி 'செரூட்' ஆக்கிக்கொண்டார்கள். உறையூர்ச் சுருட்டும் யாழ்ப்பாணச் சுருட்டும் பெயர் பெற்ற பூமியில் இருந்துகொண்டு, அதைப் பற்றவைக்கும் கருவிக்குப் பெயர் தேடுகிறோம் என்பது வேடிக்கைதான். ஆனால் இந்த லைட்டரை வைத்திருப்பவர்கள் எல்லாரும் சுருட்டுப் பிடிப்பவர்கள் இல்லை. மலையேறப் போகிறவர், அடுப்பு மூட்டுகிறவர், ஒயர் சுருக்குகிறவர் என்று பலர் வைத்திருக்கிறார்கள். "நான்தான் சுருட்டே பிடிக்க மாட்டேனே" என்று நிம்மதியாகப் பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள். போதாததற்கு, காரில் செல்போன் சார்ஜ் போடும் ஓட்டைக்கும் ஆங்கிலக் கையேடுகளில் சுருட்டு லைட்டர் என்றுதான் பெயர்.

> நீலச்சுடர் மூட்டி. விதியிலேயே நீலம் இருக்கிறதே?

நிறம் எரியும்போதுதான் தெரியும். விமான நிலையத்தில் யார் கொளுத்திப் பார்க்கப் போகிறார்கள்? மேலும் சாதாரண லைட்டரின் சுடரிலும் அடிப்பகுதி நீலம்தான். பச்சைச் சுடர் என்று விற்கிற டார்ச் லைட்டர்களையும் பார்த்திருக்கிறேன். நிறம் விளைவு, காரணம் வேறு.

அந்தக் காரணம் நம் சமையலறையிலேயே இருக்கிறது. சாதாரண லைட்டரில் கேஸ் வெளியே வந்த பிறகுதான் காற்றைச் சந்திக்கிறது. அரைகுறையாக எரிகிறது, எரியாத கரித்துகள் சூடேறி மஞ்சளாக ஒளிர்கிறது. டார்ச் வகையில் கேஸ் மெல்லிய துளை வழியாக வேகமாகப் பாயும்போது, பக்கத்துத் துளைகளிலிருந்து காற்றையும் இழுத்துக்கொண்டு, கலந்த பிறகே பற்றுகிறது. கேஸ் அடுப்பும் இப்படித்தான். பர்னரில் அடைப்பு வந்து காற்று குறைந்தால் சுடர் மஞ்சளாகிப் பாத்திரத்தின் அடி கரியாகுமே, அதுதான் வித்தியாசம். எரிவது இரண்டு வகை லைட்டரிலும் அதே பியூட்டேன். காற்றை முன்கூட்டியே சேர்த்ததால் டார்ச் வகையின் சுடர் ஊசியாகக் குவிந்து 2,500 டிகிரி ஃபாரன்ஹீட் வரை போகும் என்கிறது அமெரிக்க நிர்வாகம்.

'ஊசி' என்றதும் 'ஊசிச்சுடர்' நினைவுக்கு வரும். எனக்கும் வந்தது, இரண்டு நாள் அதையே எழுதிவைத்திருந்தேன். பிறகு பட்டையாக எரியும் டார்ச் ஒன்றைக் கடையில் பார்த்ததும் விட்டுவிட்டேன். ஊசிப்போன சுடரா என்று வீட்டில் கேலி வேறு.

> தாரைச்சுடர். நாங்கள் நீர்த்தாரை என்று எழுதுகிறோம்தானே?

யாழ்ப்பாணத்து அண்ணா, அழகான சொல். பீறிடும் தன்மையைச் சரியாகப் பிடிக்கிறது. என் தயக்கம் வாசகரைப் பற்றியது. தமிழ்நாட்டு வாசகருக்குத் தாரை என்றால் முதலில் கண்ணீர், அப்புறம் தப்பட்டை. தாளைப் படித்ததும் புரியாது, விளக்க வேண்டியிருக்கும்.

> சங்க காலத்திலிருந்து நம்மிடம் ஞெலிகோல் இருக்க, புதுச்சொல் எதற்கு?

ஐயா, உங்கள் மடலைப் படித்த பிறகு புறநானூறு 315ஐ எடுத்துப் பார்த்தேன். அதியமான், வீட்டுக் கூரையின் இறைப்பில் செருகிய ஞெலிகோல் (தீக்கடைகோல்) போல் வெளியே தெரியாமலும் இருப்பான், அதிலிருந்து புறப்படும் பெருந்தீப் போலத் தோன்றவும் செய்வான் என்கிறார் ஔவையார். செருகி ஒளித்து வைத்த தீ! விமானச் சோதனைக்காரர்கள் பயப்படுவதும் அதற்குத்தானே. ஆனாலும் ஞெலிவது என்பது கடைவது. கட்டையைக் கட்டையோடு தேய்ப்பதற்கான சொல்லைப் பொத்தான் அழுத்தும் கருவிக்குக் கொடுக்க மனம் வரவில்லை. 'ஞெ'யில் தொடங்கும் சொல்லை விமான நிலைய வரிசையில் நின்றுகொண்டு யாரும் படிக்கவும் மாட்டார்கள். பழந்தமிழில் ஞெகிழி என்றால் கொள்ளிக்கட்டை. இன்று நெகிழி என்றால் பிளாஸ்டிக். ஐந்து ரூபாய் பிளாஸ்டிக் லைட்டரில் இரண்டும் ஒன்றாகிவிட்டன என்று சொல்லிச் சமாதானமாகிக்கொள்வோம்.

என் யோசனை 'ஊதுசுடர்'. பொற்கொல்லர் விளக்குச் சுடரை ஊதுகுழலால் ஊதி, நகையில் பொடிவைத்துப் பற்றவைப்பதைப் பார்த்திருப்பீர்கள். சோம்பிக் கிடக்கும் மஞ்சள் சுடர் காற்றுப் பட்டதும் நீண்டு, கூர்ந்து, நீலமாகப் பாயும். அவர் வாயால் செய்வதை இங்கே கேஸின் அழுத்தமே செய்கிறது. வினைத்தொகை என்பதால் ஊதுகுழல், ஊறுகாய் போல நடுவில் ஒற்று வேண்டாம். வினைத்தொகை முக்காலத்துக்கும் பொதுவாக நிற்பது இங்கே இன்னொரு வசதி: லைட்டர் இப்போது எரியவில்லை, ஆனாலும் அது ஊதும் வகை, தடை அந்த வகைக்குத்தான்.

குறை இல்லாமல் இல்லை. 'ஊதுவத்தி' காதில் விழும். 'ஊதித் தள்ளுகிறான்' என்று புகைப்பவரைச் சொல்வதும் உண்டு. அது இந்தப் பொருளுக்குப் பொருத்தமாகவே இருப்பதால் நான் கவலைப்படவில்லை.

அடுத்து, லைட்டர் என்பதையே மாற்றவேண்டும் என்று மூன்று பேர் எழுதியிருந்தீர்கள். 'எரியூட்டி' வேண்டாம், சுடுகாட்டு நினைவு வருகிறது. 'பற்றவைப்பான்' வெல்டிங் பட்டறைக்குப் போய்விட்டது. 'தீமூட்டி' பரவாயில்லை, கலைச்சொல் பட்டியலில் 'ஊதுசுடர் தீமூட்டி' என்று ஏற்றலாம். தாளில் மட்டும் லைட்டர் இருக்கட்டும், ஐயா. பஸ் நிறுத்தம், ரயில் நிலையம் என்று சொல்லிப் பழகிய வாய்தானே. ஆனால் என் அம்மாவுக்கு லைட்டர் என்றால் அடுப்பு மூட்டும் 'டிக் டிக்' லைட்டர். அதனால் முதல் வரியில் 'சிகரெட் லைட்டர்' என்று போட்டே ஆகவேண்டும்.

உடம்போடு என்பதற்கும் ஒரு சொல் தேவைப்படுகிறது. விதியின் ஆங்கிலத் தொடரை இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டால் 'ஒருவரின் நபர் மீது' என்று வந்தது. 'கையில்' என்றால் கைப்பை என்று எடுத்துக்கொள்வார்கள், அது வேறு. பிரிட்டனில் லைட்டரைத் திரவங்களுக்கான ஒட்டும் பிளாஸ்டிக் பையில் போட்டு, பயணம் முழுக்க உடம்போடு வைத்திருக்க வேண்டும்; சோதனை முடிந்ததும் கைப்பைக்குள் திருப்பி வைக்கக் கூடாது என்கிறார்கள். அவ்வளவு கறார். 'சட்டைப்பையில்' என்று எழுதலாம்தான், சேலை கட்டியவர் என்ன செய்வார்? அப்போதுதான் 'மடியில் கனம் இருந்தால் வழியில் பயம்' ஞாபகம் வந்தது. பணமோ வெற்றிலையோ சுருக்குப்பையோ, உடம்போடு கொண்டுபோவதை நாம் மடியில் என்றுதானே சொல்கிறோம். மடிக்கணினி வந்து அந்தச் சொல்லைத் தொடைமேல் உட்காரவைத்துவிட்டது. இல்லாவிட்டால் யோசித்திருக்கவே வேண்டாம். 'மடியில் அல்லது சட்டைப்பையில்' என்று இரண்டையும் போட்டிருக்கிறேன்.

இப்போதைய வரைவு:

"சாதாரண சிகரெட் லைட்டர் ஒன்று மட்டும், மடியில் அல்லது சட்டைப்பையில். எரிபொருளோடு செக்-இன் பெட்டியில் வைக்காதீர்கள். காற்றோடு சீறி எரியும் ஊதுசுடர் லைட்டர் மடியிலும் கூடாது, கைப்பையிலும் கூடாது, பெட்டியிலும் கூடாது. லைட்டருக்கு ஊற்றும் எண்ணெயும் அடைக்கும் கேஸும் எங்கும் கூடாது. இந்தியாவில் இறங்கி உள்நாட்டு விமானம் மாறினால், அங்கே சோதனையில் சாதாரண லைட்டரையும் விட மாட்டார்கள்."

அமெரிக்காவில், அங்கீகரித்த காற்றுப்புகா உறையில் அடைத்தால் எரிபொருளோடு இரண்டு சாதாரண லைட்டர் வரை செக்-இன் பெட்டியில் வைக்கலாம் என்று விலக்கு இருக்கிறது. வேண்டுமென்றே விட்டுவிட்டேன். அந்த உறை வைத்திருக்கும் மாமாவை நான் இன்னும் பார்க்கவில்லை.

பாக்கி ஒன்று. கேஸும் இல்லாமல் எண்ணெயும் இல்லாமல், பேட்டரியால் பொறி பறக்கவிடும் லைட்டர் வந்திருக்கிறது. அது தானாக இயங்காதபடி மூடியோ பூட்டோ இருக்க வேண்டும். அமெரிக்காவில் கைப்பையில் மட்டும் சரி, பெட்டியில் கூடாது. 'மின்பொறி லைட்டர்' என்று எழுதினேன். மின்பொறியாளருக்கு மட்டும் தனி லைட்டரா என்று மகள் கேட்கிறாள். தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதற்குள் யாருக்காவது நல்லதாக ஒன்று தோன்றினால் எழுதுங்கள்.

அன்புடன்.