புதுப்பிப்பு: ஆணித் துப்பாக்கி இரண்டு முறை சுட்டதற்கான காரணம்

என்னுடைய காற்றழுத்த ஆணித் துப்பாக்கி சில நேரங்களில் அடுத்தடுத்து இரண்டு ஆணிகளைச் செலுத்திவிடுகிறது என்றும், சில ஆணிகளின் தலை மரத்துக்கு மேலே நின்றுவிடுகிறது என்றும் முன்பு எழுதியிருந்தேன். இரண்டுக்கும் காரணம் தெரிந்துவிட்டது.

முதலாவது, இரண்டு ஆணிகள் பாய்ந்ததற்குக் காரணம் விசையின் (விரலால் இழுக்கும் ட்ரிக்கரின்) வகை. விசையை அழுத்திப் பிடித்திருக்கும்வரை, துப்பாக்கியின் முனை மரத்தில் படும்போதெல்லாம் சுடும் அமைப்பு அதில் இருந்ததால், பின்னுதைப்பில் துள்ளிய முனை மீண்டும் மரத்தைத் தொட்டவுடன் இரண்டாவது ஆணி பாய்ந்திருக்கிறது. முனையை முதலில் அழுத்தி, பிறகு விசையை இழுத்து, அடுத்த ஆணிக்கு முன் இரண்டையும் விட்டாக வேண்டிய வரிசைமுறை விசையைப் பொருத்திய பின் அது ஒருமுறைகூட நிகழவில்லை. புதியவர்கள் இந்த வகையைத் தவிர வேறெதையும் தொட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

இரண்டாவது, ஆணித் தலை மேலே நின்றதற்குக் காரணம் காற்றழுத்தம். காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரஸரில் 90 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) காட்டினாலும், நீளமான மெல்லிய ஹோஸ் வழியாகத் தொடர்ந்து சுடும்போது கருவியை எட்டும் அழுத்தம் குறைந்துவிடுகிறது. கருவியில் குறித்துள்ள உச்ச வரம்பைத் தாண்டாமல், கழிவுப் பலகையில் சோதித்தபடியே அழுத்தத்தைச் சிறிது சிறிதாக உயர்த்தினேன்.

சிக்கிய ஆணியை எடுக்கும் முன் ஹோஸைக் கட்டாயம் கழற்றிவிடுங்கள். மரக்கணுவில் பட்ட ஆணி ஒன்று வளைந்து பலகையின் பக்கவாட்டில் வெளிவந்ததைக் கண்டதிலிருந்து, பலகையைப் பிடிக்கும் கையை ஓர் அடிக்கு அப்பால்தான் வைக்கிறேன்.