கல்லில் வெட்டுவதா, கண்ணாடிக்குள் வைப்பதா? துப்பாக்கிச் சூட்டில் இறந்தவர்களின் நினைவிடங்கள் பற்றி

உளிச்சத்தம்:
அமெரிக்காவில் துப்பாக்கிக்குப் பலியானவர்களுக்கான இரண்டு நினைவிடங்களை எடுத்துக்கொள்கிறேன். முதலாவது, கனெக்டிகட் மாநிலம் நியூட்டவுனில் 2022 நவம்பரில் திறந்த சாண்டி ஹூக் நினைவிடம். 2012 டிசம்பர் 14 அன்று அங்குள்ள தொடக்கப் பள்ளியில் 20 குழந்தைகளும் பள்ளியில் வேலை பார்த்த 6 பெண்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். வட்டமான கருங்கல் தொட்டி, நடுவே ஒரு சிக்கமோர் மரம், தொட்டிச் சுவரின் மேல்விளிம்பில் 26 பெயர்கள். இரண்டாவது, 2019-ல் சிகாகோவில் முதன்முதலாக வைத்த கண்ணாடி வீடுகள். மாஸ் டிசைன் குரூப் என்ற கட்டடக்கலை நிறுவனம், கலைஞர் ஹேங்க் வில்லிஸ் தாமஸ், பிள்ளைகளைப் பறிகொடுத்த சிகாகோ பெற்றோர் தொடங்கிய பர்ப்பஸ் ஓவர் பெயின் என்ற அமைப்பு எல்லோரும் சேர்ந்து செய்தது. மொத்தம் நான்கு வீடுகள், வீட்டுக்கு 700 கண்ணாடிச் செங்கல். அந்நாட்டில் அப்போது ஒரு வாரத்தில் துப்பாக்கியால் இறந்தவர்களின் கணக்கு அது. குடும்பத்தார் கொடுத்த காலணி, பட்டமளிப்புத் தொப்பியின் குஞ்சம், புகைப்படம் என ஏதாவது ஒன்று செங்கலுக்குள் இருக்கும்.

நான் கல்லின் பக்கம். பெயரை விரலால் தடவிப் பார்க்க முடிய வேண்டும். கருங்கல்லில் 4, 5 மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஆங்கில 'வி' வடிவத்தில் வெட்டினால், வெயில் சாய்ந்து விழும்போது எழுத்து தானே நிழல் கட்டும், வண்ணம் பூச வேண்டியதில்லை. வண்ணம் பூசிய எழுத்து சில வருடங்களில் உரிந்துவிடும். பாதி உரிந்த பெயரைத் தாய் பார்ப்பது கொடுமை. கண்ணாடி வீடு நல்ல கண்காட்சிதான், ஆனால் அது ஊர் ஊராகப் போகிறது. அழத் தோன்றும்போது போய் நிற்க ஓர் இடம் வேண்டாமா?

பழந்தாள்:
ஐயா, 26 பேருக்குக் கல் சரி. அந்தப் பட்டியல் அன்றே முடிந்துவிட்டது. தெருவில் ஒருவர், வீட்டில் ஒருவர் என்று தினமும் சாகிறவர்களுக்கு எந்தக் கல்லில் இடம்? 2021-ல் மட்டும் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர் என்று நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்கு சொல்கிறது. அதில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். பள்ளிப் படுகொலைக்கு நினைவிடம் கட்டும் ஊர், அலமாரியில் இருந்த துப்பாக்கியை எடுத்துத் தன்னைத் தானே சுட்டுக்கொண்ட பையனுக்குக் கட்டுவதில்லை. 700 என்ற கணக்கில் அவனும் சேர்த்திதான். எனக்கு அந்த வீடுகள் முக்கியமாகத் தெரிவதற்கு இதுதான் காரணம்.

உளிச்சத்தம்:
நீங்கள் சொன்ன கணக்கையே 52-ஆல் வகுத்துப் பாருங்கள், 939 வருகிறது. 700 செங்கல் இரண்டே வருடத்தில் பழைய கணக்காகிவிட்டது. எண்ணிக்கையை வடிவமாக்கினால் வரும் வினை இது.

பொருளுக்கு என்ன ஆகும் என்பதையும் சொல்லுங்கள். துணிக்கும் வண்ணப் புகைப்படத்துக்கும் அருங்காட்சியகங்கள் 50 லக்ஸுக்கு (வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் வெளிச்சம் விடுவதில்லை. தினம் 8 மணி நேரம், வருடம் 300 நாள் என்று வைத்தால் அதுவே 1,20,000 லக்ஸ்-மணி. ஜன்னலோரம் 500 லக்ஸ் விழும் கூடத்தில் வைத்தால் 12 லட்சம். பத்து வருடத்தில் விழ வேண்டிய வெளிச்சம் ஒரே வருடத்தில் விழுந்து முடிந்திருக்கும். வெளிறிய படம் திரும்ப வராது. நான்கு பக்கமும் கண்ணாடி என்றால் வெளிச்சத்தை எங்கே தடுப்பீர்கள்?

பழந்தாள்:
தடுக்க வழி இருக்கிறது, வேலைதான் அதிகம். புகைப்படத்தை வாங்கியதும் ஸ்கேன் செய்து, நிறமி மையில் அச்சிட்ட நகலைக் கண்ணாடிக்குள் வைத்து, மூலத்தைக் குடும்பத்திடமே திருப்பித் தரலாம். துணியை வாங்கினால் துவைக்கவே கூடாது. அந்த வாசனைக்காகத்தான் அம்மா அதை இத்தனை நாள் வைத்திருந்திருப்பார். துவைக்காத துணியில் அந்துப்பூச்சி முட்டை இருக்கலாம் என்பதால், பாலித்தீன் பையில் காற்றை வெளியேற்றி மூடி, மைனஸ் 20 டிகிரியில் இரண்டு வாரம் வைக்க வேண்டும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் அறை வெப்பத்துக்கு வரவிட வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் துணி மேலேயே நீர் கோத்துக்கொள்ளும்.

செய்தித்தாள் துண்டையும் புகைப்படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கக் கூடாது, தாளின் அமிலம் படத்தில் இறங்கும். ரப்பர் பலூன், மெத்தென்ற பிவிசி பொம்மை இரண்டும் தொல்லை. சில வருடங்களில் பொம்மை பிசுபிசுக்கும், அதன் மேல் பட்டதெல்லாம் ஒட்டிக்கொள்ளும். பெட்டிக்குள் எம்டிஎஃப் பலகை (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்தது) வேண்டவே வேண்டாம். அதிலிருந்து வரும் அமில ஆவி மூடிய பெட்டிக்குள் தங்கி உலோகத்தை அரிக்கும்.

மடைத்தலை:
இரண்டு பேரும் தண்ணீரை மறந்துவிட்டீர்கள். நியூட்டவுனில் நீரோட்டம் சுழன்று போகும்படி அமைத்திருக்கிறார்கள். வருகிறவர் மிதக்கவிடும் மெழுகுவர்த்தியையும் பூவையும் அது மரத்தை நோக்கி எடுத்துப்போகும். எண்ணம் அருமை. ஆனால் இப்படிப்பட்ட எந்தத் தொட்டியையும் பராமரிக்கிறவருக்கு அக்டோபரிலிருந்து தூக்கம் கிடையாது. சிக்கமோர் இலை உள்ளங்கையை விடப் பெரிது, சீக்கிரம் மக்காது. ஈரமான இலை ஒன்றன்மேல் ஒன்றாகச் சல்லடையில் படிந்தால் பாய் விரித்த மாதிரி அடைத்துக்கொள்ளும். பம்ப் காற்றை இழுக்கும், அதற்குப் பிறகு தண்ணீர் கசியாமல் தடுக்கும் அதன் சீல் போகும். நினைவு நாளில் பூங்கொத்தின் ரிப்பன் உள்ளே போனால் பம்பின் விசிறியில் சுற்றிக்கொள்ளும். அன்று சல்லடைக் கூடையை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒருவர் எடுத்துக் கொட்ட வேண்டும். பூவை மிதக்கவிடுமுன் காகிதத்தையும் நாரையும் கழற்றிப் போட வாசலிலேயே ஒரு கூடை வைத்தால் பாதித் தொல்லை தீரும்.

உறைபனி வருமுன் குழாயில் அழுத்தக் காற்று செலுத்தித் தண்ணீரை முழுக்க வெளியேற்ற வேண்டும். அந்த நினைவு நாளோ டிசம்பரில் வருகிறது. தொட்டி காய்ந்து கிடக்கும் காலத்திலும் அந்த இடம் அழகாக நிற்கிறதா என்று வடிவமைப்பவர் முதலிலேயே யோசிக்க வேண்டும்.

உளிச்சத்தம்:
உண்மை. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். படுக்கைவாக்கில் வெட்டிய எழுத்துக்குள் மழைநீர் தங்கும், அது பனியானால் 9 சதவீதம் விரியும். அதனால் விளிம்புக்கு நூற்றுக்கு இரண்டு பங்காவது வாட்டம் கொடுக்க வேண்டும். சுண்ணாம்புப் படிவம் வெள்ளையாகத் தெரிந்ததும் அமிலத்தை ஊற்றுகிறார்கள், அது பெரிய தவறு. கருங்கல்லில் உள்ள இரும்பு துரு ஏறி மஞ்சள் கறையாக நின்றுவிடும். நைலான் தூரிகை, காரமில்லாத சோப்பு போதும். மெழுகு சிந்தினால் முதலில் பனிக்கட்டி வைத்து இறுகவிட்டு, பிளாஸ்டிக் தகட்டால் பெயர்க்க வேண்டும். இவ்வளவையும் செய்தால் பெயர்கள் கல்மேல் எழுத்தாகவே நிற்கும்.

வெள்ளைச்சட்டை:
கல்லுக்கு நியூட்டவுன் வாக்காளர்கள் 2021-ல் ஒப்புதல் தந்த தொகை 37.5 லட்சம் டாலர். பிலடெல்பியாவில் ஒரு வட்டாரம் அவ்வளவு பணத்துக்கு எங்கே போகும்? அங்கே ஹீடிங் காட்ஸ் கால் என்கிற அமைப்பு தேவாலயப் புல்வெளிகளில் டி-ஷர்ட்டுகளை நட்டு வைக்கிறது. ஒவ்வொரு சட்டையிலும் ஒரு பெயர், வயது, இறந்த தேதி. ஒரு தேவாலயத்தில் சில காலம் இருந்துவிட்டு அடுத்த தேவாலயத்துக்குப் போகும்.

யாரும் செய்துவிடலாம். 3 அடி இரும்புக் கம்பியை ஒரு அடி ஆழம் அடித்து, அதன்மேல் பிவிசி குழாயைச் செருகி, உச்சியில் ஆங்கில 'டி' (T) வடிவ இணைப்பும் 16 அங்குலக் குறுக்குக் குழாயும் மாட்டினால் தோள் கிடைக்கும். சட்டையின் கீழ் ஓரத்தைக் குழாயோடு கட்டாவிட்டால் காற்றில் ஏறி முகத்தை மூடிக்கொண்ட மாதிரி சுருண்டு நிற்கும், பெயர் தெரியாது. மார்க்கரில் எழுதாதீர்கள், சில வார வெயிலிலேயே மங்கும். சூடுவைத்து ஒட்டும் எழுத்து நிற்கும். 3 அடி இடைவெளியில் 100 சட்டைக்கு 30 அடிச் சதுரம் இருந்தால் போதும். கம்பியை அடிக்குமுன் புல்வெளி நீர்க்குழாய் எங்கே ஓடுகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பழந்தாள்:
நண்பரே, பெயரை எங்கிருந்து எடுக்கிறீர்கள்? மரண விசாரணை அலுவலகப் பட்டியலிலிருந்து எடுத்து எழுதினால், பேருந்தில் போகும் ஒரு தாய் எதிர்பாராமல் தன் மகன் பெயரைச் சட்டையில் பார்ப்பாள். கண்ணாடி வீட்டில் அது நடக்காது. குடும்பமே கொண்டுவந்து தன் கையால் கொடுத்ததுதான் உள்ளே இருக்கும்.

வெள்ளைச்சட்டை:
அந்தத் தாயை நினைத்துத்தான் ஒரு மாதம் முன்பே குடும்பங்களுக்குக் கடிதம் போக வேண்டும் என்று சொல்கிறேன். எழுத்துப் பிழை திருத்தமும் அந்தக் கடிதத்திலேயே கேட்கலாம். வேண்டாம் என்று சொன்னால் பெயரில்லாத சட்டை நட வேண்டும். எடுத்துவிட்டால் எண்ணிக்கை பொய்யாகிவிடும். ஆனால் நேரில் வந்து பொருள் கொடுக்கத் தெம்பில்லாத குடும்பத்தை உங்கள் கண்ணாடி விட்டுவிடுகிறதே, அதற்கு என்ன வழி?

பழந்தாள்:
காலிச் செங்கலைக் காலியாகவே விட வேண்டும். அழகுக்காக எதையும் நிரப்பக் கூடாது. பொருள் வாங்கும்போது கையெழுத்தாகும் தாளில் மூன்று வரி கட்டாயம் வேண்டும்: எப்போது கேட்டாலும் திருப்பித் தரப்படும், கொடுத்தவர் இல்லாவிட்டால் யாரிடம் தர வேண்டும், பழுதானால் யாருக்குச் சொல்ல வேண்டும். நடுவரி விடுபட்டால் இருபது வருடம் கழித்து அண்ணன் ஒரு பக்கமும் தங்கை ஒரு பக்கமும் நின்று ஒரு தொப்பியைக் கேட்பார்கள்.

மடைத்தலை:
யாரும் கேட்காமல் வந்து குவிகிற பொருளுக்கும் முன்கூட்டியே வழி வேண்டும். நியூட்டவுனுக்கு 60,000-க்கு மேல் கரடி பொம்மைகள் வந்தன. நனைந்த பூவையும் கடிதத்தையும் குப்பை லாரியில் ஏற்ற யாருக்கும் மனம் வராது என்பதால், அப்படி வந்தவற்றில் ஒரு பகுதியைச் சாம்பலாக்கி அதை நினைவிடத்தோடு சேர்த்தார்கள். உளிச்சத்தம் ஐயா, உங்கள் கல்லுக்கு அடியிலும் பொருள்தான் இருக்கிறது.

உளிச்சத்தம்:
அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அந்தச் சாம்பல் ஓர் ஊரில் ஓர் இடத்தில் தங்கியிருக்கிறது, என் வாதம் அந்த இடத்தைப் பற்றியதுதான். தற்கொலை செய்துகொண்டவர்களைப் பற்றிப் பழந்தாள் கேட்டதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. எந்த நகராட்சி அதற்கு நிலம் கொடுக்கும், யார் போய்க் கேட்பது?